காலின் தீராத நரம்பு வலியும் மரப்பு ஊசியும்

உடலின் ஓரிடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்யும் மருந்துகள் அறுவைச் சிகிச்சையின் தேவைக்காகவே மருத்துவத்துக்குள் வந்தன. பல் பிடுங்கும் முன் ஈறில் போடப்படும் ஊசியில் காணப்படுவதே அவற்றின் இயல்பான வேலை: சில மணி நேரத்துக்கு உணர்வை நிறுத்தி வைப்பதும், மருந்து இரத்தத்தில் கலந்து நீங்கியதும் உணர்வு மீள விடுவதும். ஆயினும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து இதே மருந்துகள் இன்னொரு பணிக்கும் அமர்த்தப்பட்டன. கீழ் முதுகில் தொடங்கிப் பிட்டம், தொடை, கெண்டைக்கால் வழியாகப் பாதம் வரை சுரீரென்று இறங்கி மாதக்கணக்கில் விடாது வருத்தும் நரம்பு வலியும், காயம்பட்ட நரம்பினால் பாதத்தில் எழும் எரிச்சல் வலியும் மரப்பு ஊசியால் தணிக்கப்பட்டபோது, மருத்துவர்கள் எதிர்பாராத ஒன்றைக் கண்டனர். மருந்தின் வேலை முடிந்து உணர்வு முழுவதும் திரும்பிய பின்பும், சிலருக்கு நாட்கணக்கிலும் சிலருக்கு வாரக்கணக்கிலும் வலி மட்டும் திரும்பாதிருந்தது. மருந்தின் ஆயுளுக்கும் நிவாரணத்தின் ஆயுளுக்கும் இடையிலான இந்த வேறுபாடு ஏன் என்பதும், வலியின் ஊற்றைத் தொட ஊசியை எங்கே செலுத்த வேண்டும் என்பதும் இச்சிகிச்சையின் வரலாற்றை நடத்திச் சென்ற இரு கேள்விகள். ஒவ்வொரு தலைமுறையும் அவற்றுக்குத் தன் காலத்து அறிவைக் கொண்டு ஒரு விடை சொன்னது. விடைகள் பெரும்பாலும் நிலைக்கவில்லை என்றாலும், அவற்றைச் சோதித்த வழியில்தான் நரம்பு வலியைப் பற்றிய இன்றைய அறிவின் ஒரு பகுதி உருவானது.

சூட்டுக்கோலும் கொப்புளமும்

ஊசி தோன்றுவதற்கு முன்பு இவ்வலிக்கு மருத்துவம் இல்லாமல் இருக்கவில்லை. இப்போக்கிரட்டசின் பெயரால் வழங்கும் கிரேக்க நூல்கள் இடுப்பு வலிக்குச் சூடு போடுவதைப் பரிந்துரைத்தன. ஆயுர்வேத நூல்களும் கிருத்ரசி என்று தாம் குறிப்பிட்ட நோய்க்குச் சூடிடுதலையும் இரத்தம் வெளியேற்றுதலையும் கூறின. அக்காலத்தில் இடுப்பு மூட்டின் நோயும் நரம்பின் நோயும் தெளிவாகப் பிரிக்கப்படவில்லை. நேப்பிள்ஸ் நகரின் மருத்துவர் டொமெனிகோ கோட்டுஞ்ஞோ 1764இல் வெளியிட்ட இலத்தீன் நூலில்தான் இப்பிரிவு முறையாக வரையப்பட்டது. மூட்டில் எழும் வலியிலிருந்து நரம்பின் பாதையைப் பின்பற்றிச் செல்லும் வலியை அவர் வேறுபடுத்தியதோடு, தொடையின் பின்புறம் இறங்கும் வலியையும் முன்புறம் இறங்கும் வலியையும் தனித்தனியே விவரித்தார். பின்புறம் இறங்குவது, முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் இருந்து புறப்படும் வேர்கள் ஒன்றுசேர்ந்து உருவாகி, உடலிலேயே மிகத் தடித்த நரம்பாகக் காலுக்குள் இறங்கும் சயாட்டிக் நரம்பின் வலி. சயாட்டிகா என்று இன்று வழங்கும் பெயர் அதையே குறிக்கிறது.

மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்துள்ள திரவத்தை விவரித்தவரும் கோட்டுஞ்ஞோதான். ஆகவே, அத்திரவத்தைப் போன்ற ஒரு நீர் நரம்பின் உறைக்குள் மிகுந்து தேங்கி அழற்சியூட்டுவதே வலிக்குக் காரணம் என்று அவர் கருதியதும், முழங்காலின் வெளிப்பக்கத்திலும் கணுக்காலருகிலும் நரம்பு தோலை ஒட்டி வரும் இடங்களில் காரமான பசைகளால் கொப்புளம் எழுப்பி அந்நீரை வெளியே இழுக்க முயன்றதும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. விளக்கம் பிழையானதாயினும், சிகிச்சை வலி தோன்றும் பரப்பெங்கும் சிதறாமல் நரம்பு செல்லும் பாதையில் குறிப்பிட்ட ஓர் இடத்தை நாடவேண்டும் என்ற கருத்து இங்கே நிலைபெற்றுவிட்டது.

உள்ளீடற்ற ஊசியின் வருகை

நரம்பின் அருகே மருந்தைக் கொண்டுசேர்க்கும் கருவி 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உருவானபோது, அதன் முதல் பயனும் நரம்பு வலிக்கே கிடைத்தது. டப்ளின் நகரின் மீத் மருத்துவமனையைச் சேர்ந்த பிரான்சிஸ் ரிண்ட், முகத்தின் நரம்பு வலிக்கு மார்ஃபின் கரைசலைத் தோலுக்கடியில் சொட்டச்செய்த முறையை 1845இல் வெளியிட்டார். அவரது கருவியில் அழுத்தித் தள்ளும் தண்டு இல்லை, மருந்து தன் எடையாலேயே இறங்கியது. எடின்பரோவின் அலெக்சாண்டர் வுட் 1853இல் உண்மையான சிரிஞ்சைப் பயன்படுத்தி, வலிக்கும் புள்ளியிலேயே மார்ஃபினைச் செலுத்தினார். அங்குள்ள நரம்பின் மீது நேரடியாகச் செயல்பட்டே மருந்து வலியைத் தணிக்கிறது என்பது அவர் நம்பிக்கை. சில ஆண்டுகளுக்குள் லண்டனின் சார்லஸ் ஹண்டர் வலிக்கும் இடத்துக்கு வெகு தொலைவில் ஊசி போட்டாலும் அதே நிவாரணம் கிடைப்பதைக் காட்டி, மார்ஃபின் இரத்தத்தின் வழியே உடல் முழுவதும் சென்றுதான் வேலை செய்கிறது என்று நிறுவினார். ஊசியை எங்கே போடுவது என்ற கேள்வி இவ்வாறு கருவியோடு உடன்பிறந்தது.

ஊசியால் தீர்க்க வேண்டிய துன்பம் எத்தகையது என்பதை அமெரிக்க உள்நாட்டுப் போர் வெளிப்படுத்தியது. ஃபிலடெல்ஃபியாவின் டர்னர்ஸ் லேன் மருத்துவமனையில் நரம்பில் குண்டடி பட்ட வீரர்களைக் கவனித்த சைலஸ் வியர் மிட்செலும் அவருடைய தோழர்களும், காயம் ஆறிய பின்பும் கை கால்களில் அணையாத நெருப்பைப் போல எரியும் ஒரு வலியை 1864இல் வெளியான நூலில் விவரித்தனர். கிரேக்கச் சொற்களைக் கொண்டு காசால்ஜியா என்று பின்னர் பெயரிடப்பட்ட அந்நோயில், உலர்ந்த துணியின் உராய்வைக்கூடத் தாங்க முடியாத வீரர்கள் வலிக்கும் உறுப்பை எப்போதும் நனைத்தே வைத்திருந்தனர். பாதத்தில் வலி உள்ளவர்கள் காலணிக்குள் தண்ணீரை ஊற்றிக்கொண்டு நடந்தனர். அவர்களுக்குத் தரப்பட்டது மார்ஃபின் ஊசி. அது வலியை மறக்கச் செய்ததே தவிர வலியை எழுப்பும் நரம்பை அமைதிப்படுத்தவில்லை. அதே காலப்பகுதியில் ஐரோப்பிய அறுவை மருத்துவர்கள் சயாட்டிக் நரம்பைத் திறந்து வெளியே எடுத்து இழுத்துவிடும் அறுவையைக்கூட முயன்றனர். 1870களில் பரவிய அம்முறை நூற்றாண்டின் முடிவுக்குள் கைவிடப்பட்டது.

நரம்பையே மௌனமாக்கும் பொருள் 1884இல் கிடைத்தது. கோகா இலையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட கோகெய்ன் கண்ணை மரத்துப்போகச் செய்வதை வியன்னாவின் கார்ல் கொல்லர் காட்டினார். அவ்வாண்டு செப்டம்பரில் ஹைடெல்பெர்க் கண் மருத்துவர் மாநாட்டில் இது அறிவிக்கப்பட்டதும், ஓராண்டுக்குள் நியூயார்க்கின் வில்லியம் ஹால்ஸ்டெட் நரம்புத் தண்டைச் சுற்றிக் கோகெய்னைச் செலுத்தி, அந்நரம்பு சென்றடையும் பகுதி முழுவதையும் மரக்கச் செய்யலாம் என்று கண்டறிந்தார். அவர் தம்மீதே செய்துகொண்ட சோதனைகள் அவரை அப்பொருளுக்கு அடிமையாக்கின. 1898இல் ஜெர்மனியின் கீல் நகரில் ஆகுஸ்ட் பியர், தண்டுவடத்தைச் சூழ்ந்த திரவத்துக்குள்ளேயே கோகெய்னைச் செலுத்தி உடலின் கீழ்ப்பாதியை மரக்கச்செய்தார். தம் உதவியாளருடன் சேர்ந்து அவர் தம்மீது செய்த சோதனைக்குப் பின் வந்த கடும் தலைவலி, இவ்வழியின் விலையையும் காட்டிவிட்டது.

வால் எலும்பின் மேலுள்ள வாயில்

பியரின் ஊசி தண்டுவட உறையைத் துளைத்தது. உறையைத் துளைக்காமல் அதன் வெளியே மருந்தை வைக்க முடியுமா என்ற கேள்விக்கு 1901 ஏப்ரலில் பாரிசில் இருவர் தனித்தனியே, ஒரு வார இடைவெளியில், ஒரே விடையை அறிவித்தனர். முதலாமவர் நரம்பியல் மருத்துவர் ழான்-அத்தனாஸ் சிக்கார்; மற்றவர் சிறுநீரக அறுவை மருத்துவர் ஃபெர்னான் கத்தலான். முதுகெலும்பின் அடியில் பல எலும்புகள் ஒன்றாக இணைந்து உருவான முக்கோண எலும்பான சேக்ரத்தின் கீழ் முனையில், வால் எலும்புக்குச் சற்று மேலே, மெல்லிய சவ்வால் மூடப்பட்ட ஒரு சிறு துளை உண்டு. அதன் இரு பக்கமும் உள்ள எலும்பு மேடுகளை விரலால் தடவி உணர்ந்து, நடுவே ஊசியை நுழைத்தால், சவ்வு விட்டுக்கொடுப்பது கைக்குத் தெரியும். அதன்பின் ஊசி முனை நிற்கும் இடம் முதுகெலும்புக் கால்வாயின் உட்புறம், ஆனால் நரம்பு உறையின் வெளிப்புறம். உறை அதற்கு மேலேயே முடிந்துவிடுவதால் அதைத் துளைக்கும் ஆபத்து குறைவு. உறைக்கு வெளியே உள்ள இந்த இடைவெளியே எபிடியூரல் இடைவெளி எனப்படுகிறது. காலுக்குச் செல்லும் நரம்பு வேர்கள் அனைத்தும் அதைக் கடந்தே வெளியேறுகின்றன.

கத்தலான் தேடியது பியரின் முறையைவிட ஆபத்துக் குறைந்த அறுவை மரப்பு. அந்நோக்கத்தில் அவர் வெற்றிபெறவில்லை. பாதுகாப்பாகத் தரக்கூடிய அளவுக் கோகெய்ன் இவ்வழியில் போதிய மரப்பைத் தரவில்லை. சிக்காரின் நோக்கம் வேறாக இருந்ததால் அதே குறை அவருக்குக் குறையாகவில்லை. சயாட்டிகாவாலும் இடுப்பு வலியாலும் வருந்தியவர்களுக்கு முழு மரப்பு தேவையில்லை, வலி தணிந்தால் போதும். அறுவைக்குப் போதாத ஊசி வலிக்குப் போதுமானதாயிற்று. இவ்வகையில், முதுகெலும்புக் கால்வாய்க்குள் போடப்படும் எபிடியூரல் ஊசி மகப்பேற்று அறைக்கும் அறுவை அரங்குக்கும் உரியதாவதற்கு முன்பே கால் வலிக்கு உரியதாக இருந்தது.

கோகெய்னின் நச்சுத்தன்மையும் அடிமைப்படுத்தும் இயல்பும் மாற்று மருந்துகளைத் தேடவைத்தன. மியூனிக்கின் வேதியியலாளர் ஆல்ஃபிரெட் ஐன்ஹோர்ன் உருவாக்கி, ஹைன்ரிஷ் பிரவுன் 1905இல் மருத்துவத்தில் நிலைநாட்டிய புரோகெய்ன், நோவோகெய்ன் என்ற வணிகப் பெயரால் உலகெங்கும் பரவியது. அதன் நச்சுத்தன்மை மிகக் குறைவு என்பதால் பெரிய அளவுகளில் செலுத்த முடிந்தது. அந்த வசதியே ஒரு குழப்பத்தையும் உண்டாக்கியது. 1904லேயே லைப்சிக் நகரின் லாங்கே, யூகெய்ன் என்ற மரப்பு மருந்தை மிக நீர்த்த நிலையில் உப்புக்கரைசலோடு கலந்து, சயாட்டிக் நரம்பைச் சுற்றி 70 முதல் 100 மில்லிலிட்டர் வரை செலுத்தியிருந்தார். கனடாவின் மாண்ட்ரியலில் நார்மன் வைனர், எதற்கும் அடங்காத சயாட்டிகாவுக்குச் சேக்ரத்தின் வழியாக முதலில் நோவோகெய்னையும் தொடர்ந்து பெருமளவு வேறு திரவத்தையும் செலுத்திய முறையை 1925இல் வெளியிட்டார்; லண்டனின் வில்லியம் எவான்ஸ் 1930இல் அதே வழியைப் பரிந்துரைத்தார். வலி போவது மருந்தாலா, அல்லது இவ்வளவு திரவம் உள்ளே புகுந்து நரம்பு வேர்களை இழுத்தும் ஒட்டுகளைப் பிரித்தும் விடுவதாலா என்று அப்போது தீர்மானிக்க முடியவில்லை. முன்பு கத்தியால் திறந்து நரம்பை இழுத்தவர்களின் கருத்தே இப்போது திரவத்தின் வடிவில் மீண்டும் வந்தது எனலாம்.

1934இல் பாஸ்டனின் வில்லியம் மிக்ஸ்டரும் ஜோசப் பாரும், முதுகெலும்புகளுக்கு இடையே உள்ள டிஸ்க் கிழிந்து பிதுங்கி நரம்பு வேரை அழுத்துவதே பல சயாட்டிகாக்களுக்குக் காரணம் என்று காட்டினர். காரணம் கண்முன் காணக்கூடிய ஒரு பொருளானதால் அறுவை முன்னுக்கு வந்தது, ஊசி பின்னுக்குச் சென்றது. ஆயினும் லண்டனின் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஜேம்ஸ் சிரியாக்ஸ் போன்றவர்கள், டிஸ்க்கின் கொள்கையை ஏற்றுக்கொண்டே, நீர்த்த புரோகெய்னைச் சேக்ரத்தின் வழியே செலுத்தும் பழக்கத்தைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்தனர்.

பரிவு நரம்புகளின் பாதை

இவ்வழிக்கு இணையாக இன்னொரு வழியும் உருவாகிக்கொண்டிருந்தது. வியர்வையையும் இரத்தக்குழாய்களின் சுருக்கத்தையும் ஆளும் நரம்புகள் பரிவு நரம்புகள் எனப்படும். முதுகெலும்பின் முன்பக்கத்தில் இருபுறமும் முடிச்சுகள் கோத்த சங்கிலிகளாக அவை இறங்குகின்றன. பிரெஞ்சு அறுவை மருத்துவர் ரெனே லெரிஷ், முதல் உலகப்போரின் காசால்ஜியா நோயாளிகளில் வலியோடு கூடவே பாதம் நிறம் மாறுவதையும் வியர்ப்பதையும் கண்டு, வலியில் பரிவு நரம்புகளுக்குப் பங்குண்டு என்று முடிவு செய்தார். முதலில் தமனியைச் சுற்றியுள்ள அந்நரம்புகளை அறுத்து நீக்கிய அவர், பின்னர் இடுப்புப் பகுதியின் பரிவு நரம்பு முடிச்சுகளில் நோவோகெய்னைச் செலுத்தினார். அம்மருந்தை இரத்தம் சிந்தாத கத்தியாகவே அவர் கருதினார். 1937இல் வெளியான அவரது நூல் வலியைத் தனியொரு நோயாகக் கண்டு ஆராய்ந்த முன்னோடி நூல்களுள் ஒன்று.

இவ்வூசி முதுகின் பக்கவாட்டிலிருந்து முதுகெலும்பின் உடலை ஒட்டி முன்னோக்கிச் செல்கிறது. மருந்து சரியான இடத்தில் சேர்ந்தால் சில நிமிடங்களில் பாதம் வெதுவெதுப்பாகி, சிரைகள் புடைத்து, வியர்வை வறண்டுவிடும். தொடுவுணர்வும் தசை வலிமையும் அப்படியே இருக்கும். நோயாளியின் சொல்லை மட்டும் நம்பாமல், ஊசி இலக்கை எட்டியதா என்று மருத்துவர் கையாலேயே அறியக்கூடிய அடையாளம் இதில் கிடைத்தது. பிற ஊசிகளைப் பொறுத்தவரையும், மெல்லிய நரம்பிழைகள் தடித்தவற்றுக்கு முன்பே மரக்கின்றன என்பதை ஹெர்பர்ட் காசரும் ஜோசப் எர்லாங்கரும் 1929இல் காட்டியதால், நீர்த்த மருந்து காலை வாதமாக்காமல் வலியை மட்டும் தணிப்பதன் அடிப்படை புரிந்தது.

இரண்டாம் உலகப்போர் காசால்ஜியாவை மீண்டும் மருத்துவமனைகளுக்குக் கொண்டுவந்தது. அமெரிக்காவின் ஆரிகனைச் சேர்ந்த வில்லியம் லிவிங்ஸ்டன் 1943இல் வெளியிட்ட நூல், நிவாரணம் மருந்தைக் கடந்து ஏன் நீடிக்கிறது என்ற கேள்விக்கு நேரடியாக ஒரு விடை தந்தது. காயம்பட்ட நரம்பிலிருந்து ஓயாமல் வரும் தூண்டல், தண்டுவடத்தில் உள்ள இடைநரம்பு அணுக்களின் கூட்டத்தைக் கலக்குகிறது. அக்கலக்கம் பரிவு நரம்புகளின் வழியாகவும் தசை இறுக்கத்தின் வழியாகவும் வெளியே வந்து, காயம்பட்ட இடத்தை மேலும் தூண்டுகிறது. இச்சுழற்சி தன்னைத்தானே ஊட்டி வளர்த்துக்கொள்கிறது. ஆகவே புரோகெய்னால் சுழற்சியின் ஒரு கண்ணியைச் சில மணி நேரம் அறுத்தாலும், அது மீண்டும் முழு வலிமையோடு தொடங்க முடியாமல் போகலாம். ஊசியைத் திரும்பத் திரும்பப் போட்டால் முற்றிலும் நின்றுவிடவும் கூடும். வலி என்பது காயத்திலிருந்து மூளைக்குச் செல்லும் நேர்க்கம்பிச் செய்தி என்ற பழைய எண்ணத்துக்கு எதிரான முதன்மையான வாதங்களுள் ஒன்றாக இது அமைந்தது. தண்டுவடம் வலிச் செய்திகளை ஒரு வாயில்போல மட்டுப்படுத்துகிறது என்று 1965இல் ரோனால்ட் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் முன்வைத்த வாயில் கொள்கைக்கு முன்னோடியாகவும் இது மதிக்கப்படுகிறது.

மிகை நம்பிக்கையின் கிளைகள்

விளக்கப்படாத நிவாரணம் கட்டற்ற கொள்கைகளுக்கும் இடம் தந்தது. சோவியத் நாட்டில் அலெக்சாண்டர் விஷ்னெவ்ஸ்கி, சிறுநீரகத்தைச் சூழ்ந்த திசுவில் நீர்த்த நோவோகெய்னைப் பெருமளவு செலுத்தும் முறையைக் காலின் இரத்த ஓட்டக் கோளாறுகள் முதல் ஆறாத புண்கள் வரை பலவற்றுக்கும் பயன்படுத்தி, நரம்பு மண்டலமே திசுக்களின் ஊட்டத்தை ஆள்கிறது என்ற கோட்பாட்டின்மேல் அதை நிறுத்தினார். ஜெர்மனியில் ஃபெர்டினாண்ட், வால்டர் என்ற ஹுனெக்கே சகோதரர்கள் 1928இல் மரப்பு மருந்தின் தொலைவிளைவுகள் பற்றி எழுதினர். 1940இல், காலில் இருந்த பழைய எலும்பு நோயின் தழும்பில் புரோகெய்ன் செலுத்தியதும் நோயாளியின் தோள் வலி நொடியில் மறைந்ததாக ஃபெர்டினாண்ட் அறிவித்து, உடலின் எப்பகுதியிலும் உள்ள தழும்போ சீழ்ப்பல்லோ தொலைவிலுள்ள வலிக்குக் காரணமான இடையூறுப் புலமாக இருக்கலாம் என்ற கொள்கையை வகுத்தார். நரம்புச் சிகிச்சை என்ற பெயரில் ஜெர்மன் மொழி பேசும் நாடுகளில் இம்முறை இன்றும் தொடர்கிறது. ஆனால் கட்டுப்படுத்தப்பட்ட ஆய்வுகளின் வலுவான ஆதரவு அதற்குக் கிடைக்கவில்லை. எந்த இடத்திலும் ஊசி போட்டு எந்த வலியையும் போக்கலாம் என்று சொல்லும் கொள்கையை எந்தத் தோல்வியாலும் பொய்ப்பிக்க முடியாது என்பதே அதன் அடிப்படைக் குறை. ஓரிடத்து ஊசி பயன் தராவிட்டால், சரியான புலம் இன்னும் கண்டறியப்படவில்லை என்று கூறிவிடலாம்.

வலிக்கென ஒரு துறை

இதற்கு மாறான திசையில் சென்றவர்கள் மயக்கவியல் மருத்துவர்கள். நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் எமரி ரோவன்ஸ்டைன் 1936இல் நரம்பு மரப்புச் சிகிச்சைக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கினார். வாஷிங்டன் மாநிலத்தின் மாடிகன் இராணுவ மருத்துவமனையில் 1944 முதல் காயம்பட்ட வீரர்களைக் கவனித்த ஜான் போனிக்கா, ஊசி சிலருக்கு வியத்தகு பயன் தருவதையும், பலருக்குப் பயனின்றிப் போவதையும் ஒருசேரக் கண்டார். மல்யுத்த வீரராகவும் வாழ்ந்து, அதில் பட்ட காயங்களின் வலியைத் தாமே சுமந்தவர் அவர். ஊசி மட்டும் தனித்துப் போதாது, நரம்பியல், எலும்பியல், உளவியல், இயன்முறை மருத்துவம் ஆகிய துறையினர் ஒன்றுகூடி ஒரே நோயாளியை ஆராய வேண்டும் என்ற அவருடைய முடிவு, 1953இல் வெளியான அவரது பெருநூலிலும், பின்னர் அவர் முன்னின்று உருவாக்கிய அனைத்துலக வலி ஆய்வுச் சங்கத்திலும் நிலைபெற்றது.

மருந்துகளும் மாறின. ஸ்டாக்ஹோமில் நில்ஸ் லோஃப்கிரன் 1943இல் உருவாக்கிய லிடோகெய்ன், புரோகெய்னைவிட விரைவாகவும் நீண்ட நேரமும் செயல்பட்டதோடு, ஒவ்வாமையையும் அரிதாகவே உண்டாக்கியது. 1948இல் சைலோகெய்ன் என்ற பெயரில் விற்பனைக்கு வந்த அது, இந்திய மருத்துவமனைகளில் லிக்னோகெய்ன் என்று அறியப்படுகிறது. 1957இல் சுவீடனிலேயே உருவான பியூபிவக்கெய்ன் பல மணி நேரம் நீடித்தது. ஆனால் தவறி இரத்தக்குழாய்க்குள் சென்றால் இதயத்தை நிறுத்தும் ஆபத்து அதற்கு உண்டு என்பது 1979இல் ஜார்ஜ் ஆல்பிரைட்டின் எச்சரிக்கைக்குப் பின்னரே பரவலாக உணரப்பட்டது.

1950களில் அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு மருந்தான ஹைட்ரோகார்ட்டிசோன் கிடைத்ததும், இத்தாலிய, பிரெஞ்சு மருத்துவர்கள் அதை நரம்பு வேர்களின் அருகே செலுத்தத் தொடங்கினர். பிதுங்கிய டிஸ்க் நரம்பு வேரை அழுத்துவதோடு அழற்சிக்கும் உள்ளாக்குகிறது என்ற கருத்து இதற்கு அடிப்படை. டிஸ்க்கின் உட்பொருள் அழுத்தம் இல்லாமலேயே நரம்பைப் பாதிக்கும் என்பதைப் பின்னர் 1990களில் பன்றிகளில் செய்த சோதனைகள் உறுதிப்படுத்தின. ஹைட்ரோகார்ட்டிசோனின் வருகைக்குப் பின் ஊசியின் நாயகன் ஸ்டீராய்டு ஆகி, மரப்பு மருந்து துணையாக ஒதுங்கியது. ஆனால் எது உண்மையில் பயன் தருகிறது என்று பிரித்தறியும் ஆய்வுகள் தெளிவான ஒரே விடையைத் தரவில்லை. 1997இல் கனடாவில் 158 சயாட்டிகா நோயாளிகளிடம் செய்த ஆய்வில், ஸ்டீராய்டு ஊசி கால் வலியைச் சில வாரங்களுக்குச் சற்றுக் குறைத்தாலும், நோயாளிகளின் செயல்திறனையோ அறுவையின் தேவையையோ மாற்றவில்லை. 2000இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், அறுவைக்குக் காத்திருந்த 55 பேருக்கு நரம்பு வேரில் ஊசி போடப்பட்டபோது, ஸ்டீராய்டு கலந்து பெற்ற 28 பேரில் 20 பேரும், பியூபிவக்கெய்ன் மட்டும் பெற்ற 27 பேரில் 9 பேரும் அறுவையைத் தவிர்த்தனர். முதுகெலும்புக் கால்வாய் குறுகியதால் கால் வலி கொண்ட 400 பேரிடம் 2014இல் முடிந்த ஆய்விலோ, லிடோகெய்னோடு ஸ்டீராய்டைச் சேர்த்ததால் ஆறு வார முடிவில் குறிப்பிடத்தக்க கூடுதல் பயன் இல்லை. இரு குழுக்களும் ஓரளவு முன்னேறின. ஆனால் மருந்தே இல்லாத ஊசி பெற்ற மூன்றாம் குழு இல்லாததால், அம்முன்னேற்றம் லிடோகெய்னுடையதா, நோயின் இயல்பான தணிவா, ஊசி போட்டுக்கொண்டோம் என்ற நம்பிக்கையுடையதா என்று அவ்வாய்வு சொல்ல முடியாது. எபிடியூரல் இடைவெளியில் செலுத்தும் ஸ்டீராய்டு அரிதாகப் பார்வையிழப்பையும் வாதத்தையும் உண்டாக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்ததும் அதே ஆண்டில்தான்.

இடமும் காலமும்

இதற்கிடையே ஊசி நோயறியும் கருவியாகவும் ஆகியிருந்தது. படங்களில் பல டிஸ்குகள் பழுதாகத் தெரியும்போது, வலி எந்த வேரிலிருந்து வருகிறது என்று அறிய, ஐயத்துக்குரிய வேரை மட்டும் மரக்கச் செய்து பார்க்கும் வழக்கம் 1970களில் வேரூன்றியது. ஒரு வேரை மரக்கச் செய்ததும் வலி நின்றால், ஊற்று அதுவே என்று கொள்வது இயல்பான தர்க்கம். ஆனால் இத்தர்க்கத்தைச் சிக்கலாக்கும் ஒரு செய்தி 1960லேயே வெளியாகியிருந்தது: நரம்பு பழுதான இடத்துக்குக் கீழே, அதாவது மூளையிலிருந்து மேலும் விலகிய இடத்தில், ஊசி போட்டாலும் வலி நிற்பதை லண்டன் மருத்துவர்களான கிப்ளரும் நேதனும் கண்டிருந்தனர். 1988இல் வெளியான ஆய்வில், சயாட்டிக் நரம்பை மரக்கச் செய்தபோது முதுகெலும்பில் தோன்றிக் காலில் உணரப்படும் வலியும் தணிந்தது. 1996இல் ரிச்சர்ட் நார்த்தும் அவருடைய குழுவினரும் சயாட்டிகா நோயாளிகளில் வேரையும், நரம்புத் தண்டையும், தொடர்பற்ற இடத்தையும் மாறி மாறி மரக்கச் செய்து, முறையாகவே இதை உறுதிப்படுத்தினர். வலியின் ஊற்று மேலே இருக்கையில் கீழே போடும் ஊசி அதை எப்படி நிறுத்தும்? பழுதுற்ற நரம்பினால் தண்டுவடம் மிகைக் கூர்மை அடைந்திருக்கும்போது, தோலிலிருந்தும் தசையிலிருந்தும் வரும் சாதாரணச் செய்திகளும் வலியாக மாற்றப்படுகின்றன. அவற்றை நிறுத்தினாலும் வலி தணியும் என்பதே பொருத்தமான விளக்கம். ஊசி தரும் விடையை அப்படியே ஏற்க முடியாது என்பதை மருத்துவம் இவ்வாறு கற்றது.

காலம் பற்றிய கேள்விக்கு நரம்பு உயிரியல் ஒரு பகுதி விடை தந்தது. நரம்பிழையின் சவ்வில் உள்ள நுண்ணிய வாயில்கள் திறந்து சோடியம் அயனிகள் உள்ளே பாயும்போதே மின்துடிப்பு தோன்றுகிறது; மரப்பு மருந்து நரம்பிழைக்குள் புகுந்து இவ்வாயில்களை உட்புறமிருந்து அடைக்கிறது. அடிக்கடி திறக்கும் வாயில்களே அதற்கு எளிதில் அகப்படுகின்றன. ஆகவே தூண்டல் இல்லாமலேயே ஓயாமல் துடிக்கும் காயம்பட்ட நரம்பு, நல்ல நரம்பை மரக்கச் செய்யப் போதாத குறைந்த அளவு மருந்தாலும் அடங்கிவிடுகிறது. எலிகளில் இரத்தத்தின் வழியே செலுத்திய லிடோகெய்ன், நரம்பின் இயல்பான கடத்தலைத் தடுக்காமலேயே இத்தகைய துடிப்புகளை நிறுத்துவதை மார்ஷல் டெவரும் பேட்ரிக் வாலும் அவர்களுடைய தோழரும் 1992இல் காட்டினர். ஊசி போட்ட இடத்தின் மரப்பு நீங்கிய பின்பும் சிறிதளவு மருந்து இரத்தத்தில் இருக்கும் என்பதால் நிவாரணம் சில மணி நேரம் நீள்வது இதனால் விளங்கும். வாரக்கணக்கில் நீள்வதை விளக்க இது போதாது. ஸ்டாக்ஹோமின் ஆர்னரும் அவருடைய குழுவினரும் 1990இல், காயம்பட்ட நரம்பின் வலி சிலருக்கு மரப்பைக் கடந்து நீண்ட நேரம் தணிந்திருப்பதைப் பதிவு செய்து, அதைப் பற்றிய முறையான ஆய்வுகளைக் கோரினர்.

கால் இழந்தவர்களிடம் செய்த ஆய்வுகள் இடத்தின் முக்கியத்துவத்தை மீண்டும் வலியுறுத்தின. இல்லாத காலில் தோன்றும் மாய வலி மூளையிலேயே பிறப்பது என்ற கருத்து நெடுங்காலம் மேலோங்கியிருந்தது; 2014இல் அல்பேனியாவிலும் இஸ்ரேலிலும் கால் நீக்கப்பட்டவர்களின் முதுகெலும்பு நரம்பு முடிச்சுகளின் அருகே லிடோகெய்ன் செலுத்தியபோது, அவ்வலியும் இல்லாத காலின் உணர்வும் தற்காலிகமாக மறைந்தன. எல்லா வலியும் தண்டுவடத்திலோ மூளையிலோ நிலைத்துவிட்டது என்ற முடிவும், எல்லாம் நரம்பின் நுனியில் உள்ளது என்ற முடிவும் இவ்வாறு ஒன்றையொன்று திருத்திக்கொண்டன.

மரப்பு ஊசியின் உரிமைகோரல்கள் நூறாண்டுகளில் சுருங்கியே வந்துள்ளன. சிக்காரின் காலத்தில் சிகிச்சையாகவும், லிவிங்ஸ்டனின் காலத்தில் நோயின் சுழற்சியை அறுக்கும் கருவியாகவும், 1970களில் ஊற்றைக் காட்டும் சோதனையாகவும் கருதப்பட்டது, இன்று எக்ஸ்-ரே திரையின் துணையோடும் அல்ட்ராசவுண்டின் துணையோடும் துல்லியமாகப் போடப்பட்டாலும், வலி தணிந்திருக்கும் காலத்தைப் பயன்படுத்தி நோயாளியை நடக்கவும் பயிற்சி செய்யவும் வைக்கும் பெரிய திட்டத்தின் ஓர் உறுப்பாகவே மதிக்கப்படுகிறது. இச்சுருக்கத்தைத் தோல்வி என்று கொள்வதற்கில்லை. ஊசி தந்த முழு நிவாரணத்தைவிட, அது தர மறுத்த நிவாரணமும், எதிர்பாராத இடத்தில் தந்த நிவாரணமும், மரப்பு நீங்கிய பின்பும் நீடித்த நிவாரணமுமே, காலில் உணரப்படும் வலி காலிலும் வேரிலும் தண்டுவடத்திலும் ஒருசேர உருவாகிறது என்ற அறிவுக்கு மருத்துவத்தை இட்டுச் சென்றன. அந்த மூன்றில் எது எவருக்கு முதன்மையானது என்று முன்கூட்டியே அறியும் வழி கிடைக்கும் வரை, ஒவ்வொரு நோயாளிக்கும் போடப்படும் ஊசி சிகிச்சையாக இருப்பதோடு சோதனையாகவும் இருந்தே தீரும்.